ஃபெடரரா, நடாலா: ஒரே ஒரு மேட்ச் என்றால்?

“டென்னிஸில் ஃபெடரர், நடால் இரண்டு பேரும் உச்சத்தில் இருக்கும்போது ஒரே ஒரு மேட்ச் வைத்தால் யார் ஜெயிப்பார்? நேருக்கு நேர் மோதியதில் நடால் 24-16 என்று சொல்லி நண்பன் என் வாயை அடைத்துவிடுகிறான்” என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அந்த 24-16 எதையாவது நிரூபிக்கிறதா என்பது ஒன்று. நிரூபிக்கவில்லை என்றால் வேறு எதை வைத்துக் கணிப்பது என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு உறுதியாகவே பதில் சொல்லலாம். இரண்டாவதற்கு, எந்தத் தளம், எத்தனை செட், திறந்தவெளியா கூரைக்குக் கீழா என்பதை நீங்கள் சொன்னால்தான் யாராலும் பதில் தர முடியும். “சும்மா பொதுவா சொல்லுங்க” என்றால் பதில் கிடையாது.

முதலில் 24-16-ஐப் பிரித்துப் பார்ப்போம். 2004 முதல் 2019 வரை இருவரும் 40 முறை மோதினார்கள். களிமண் தளத்தில் 16 ஆட்டம், நடால் 14-2. புல்தரையில் 4 ஆட்டம், ஃபெடரர் 3-1. ஹார்டு கோர்ட்டில் (சிமென்ட் போன்ற கெட்டித் தளம்) 20 ஆட்டம், ஃபெடரர் 11-9. களிமண்ணைக் கழித்துவிட்டால் ஃபெடரர் 14-10 என்று கணக்கே தலைகீழாகிறது. உடனே இதை நண்பரிடம் நீட்டிவிடாதீர்கள், அதுவும் முழுச் சரியில்லை. ஆனால் 40-இல் 16 களிமண்ணில் விழுந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. டிராவில் (போட்டி அட்டவணையில்) இருவரும் கடைசிக் கட்டம் வரை தாக்குப்பிடித்தால்தான் மோத முடியும். ஃபெடரர் களிமண்ணிலும் இறுதிப்போட்டி வரை வந்துகொண்டே இருந்தார். 2006, 2007, 2008, 2011 பிரெஞ்சு ஓபன் இறுதிகள் நான்கிலும் நடாலிடம் தோற்றார். எதிர்ப்பக்கம், ஃபெடரர் அமெரிக்க ஓபனை 2004-லிருந்து 2008 வரை வரிசையாக ஐந்து முறை வென்ற காலத்தில் நடால் அங்கே இறுதிக்கு வரவே இல்லை. நியூயார்க்கில் இருவரும் ஒருமுறைகூட மோதியதில்லை. களிமண்ணில் கொஞ்சம் மோசமாக ஆடி அரையிறுதிக்கு முன்பே ஃபெடரர் வெளியேறியிருந்தால் அவருடைய நேருக்கு நேர் கணக்கு இதைவிட அழகாக இருந்திருக்கும். விசித்திரம்தான், ஆனால் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது.

இந்த எண்களில் எதை நம்பலாம் என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை உண்டு. இருவரும் சரிசமம், ஒவ்வொரு ஆட்டமும் காசு சுண்டுவது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படி இருந்தும் 16-இல் 14 அல்லது அதற்கு மேல் நடால் பக்கம் விழ வாய்ப்பு சுமார் 480-இல் ஒன்று. ஆகவே களிமண்ணில் நடால் மேலானவர் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அதே சோதனையை நான்கு புல்தரை ஆட்டங்களுக்குப் போட்டால், சரிசமமான இருவரில் யாராவது ஒருவர் 3-1 அல்லது 4-0 என்று முந்துவது 100-க்கு 62 முறை நடக்கும். அதாவது புல்தரையில் வந்த அந்த 3-1 தனியாக எதையும் சொல்லவில்லை. ஹார்டு கோர்ட் 11-9 அதைவிடக் குறைவாகத்தான் சொல்கிறது.

அந்த 11-9-க்குள்ளே வேறு கதை ஒளிந்திருக்கிறது. 2015 பாசெல் இறுதிக்கு முன்புவரை ஹார்டு கோர்ட்டில் நடால் 9-6 என்று முன்னிலையில் இருந்தார். அதற்குப் பிறகு ஃபெடரர் 5-0: பாசெல், பிறகு 2017-இல் மெல்போர்ன் (ஆஸ்திரேலிய ஓபன்), இந்தியன் வெல்ஸ், மியாமி, ஷாங்காய். ஆகவே சராசரியைச் சொல்வதைவிட ‘எந்த ஃபெடரர்’ என்று கேட்பதே சரி. இன்னொரு பிரிவையும் பாருங்கள். கூரைக்குக் கீழே ஆடிய ஹார்டு கோர்ட் ஆட்டங்களில் ஃபெடரர் 5-1. திறந்தவெளி ஹார்டு கோர்ட்டில் நடால் 8-6. ஒரே வகைத் தளம், மேலே கூரை வந்ததும் முடிவு மாறுகிறது. இதற்குக் காரணத்தைத் தேடிப்போனால் இந்தப் போட்டியின் அடிமடிக்கே வந்துவிடுவோம்.

அடிமடி என்பது ஒரே ஒரு விஷயம்: ஃபெடரரின் பேக்ஹேண்ட் பக்கம், அதாவது மட்டை பிடிக்கும் கைக்கு எதிர்ப்பக்கம், பந்து எந்த உயரத்தில் வருகிறது? நடால் இடது கை ஆட்டக்காரர், ஃபெடரர் வலது கை. நடாலின் ஃபோர்ஹேண்ட் (மட்டை பிடிக்கும் கைப் பக்கத்து அடி) இயல்பாகக் குறுக்கே போனால் நேராக ஃபெடரரின் பேக்ஹேண்டுக்குப் போகும். குறுக்கே அடிப்பதுதான் டென்னிஸில் பாதுகாப்பான அடி. வலையின் உயரம் ஓரத்தில் 1.07 மீட்டர், நடுவில் 0.914 மீட்டர்தான். கோர்ட்டின் நேர் நீளம் 23.77 மீட்டர், மூலைக்கு மூலை கிட்டத்தட்ட 25.15 மீட்டர். தாழ்ந்த வலை, அதிக இடம். மற்ற வலது கை ஆட்டக்காரர்கள் ஃபெடரரின் பேக்ஹேண்டைத் தேடிப்போக ஆபத்தான நேர்கோட்டு அடியையோ, ஓடிச் சுற்றிவந்து அடிக்கும் அடியையோ நம்ப வேண்டும். நடாலுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அடி.

அதோடு சுழற்சி. அதிவேகக் கேமராவில் அளந்தபோது நடாலின் ஃபோர்ஹேண்ட் சராசரியாக நிமிடத்துக்கு 3200 சுற்று, சில அடிகள் 4900 வரை போயிருக்கின்றன. ஃபெடரருக்குச் சுமார் 2700. முந்தைய தலைமுறையின் சாம்பிராஸ், அகாஸி 1800-1900 அளவில் இருந்தார்கள். டாப்ஸ்பின் (பந்தின் முன்னோக்கிய சுழற்சி) அதிகமானால் பந்து வலைக்கு மேலே தாராளமாக ஏறி, செங்குத்தாக இறங்கி, மறுபடி தோள் உயரத்துக்கு எழும்பும். ஃபெடரருடையதைப் போன்ற ஒற்றைக் கை பேக்ஹேண்டுக்கு இடுப்புக்கும் மார்புக்கும் நடுவே, உடம்புக்குச் சற்று முன்னால் பந்து கிடைப்பதுதான் வசதி. தோளுக்கு மேலே போய்விட்டால் தாங்குவதற்கு இரண்டாவது கை இல்லை. ரேக்கெட் முகம் திறந்துகொள்ளும், பந்து குட்டையாக விழும், அல்லது சட்டத்தில் பட்டுக் கேலரிக்குப் போகும்.

அந்த நிலையில் ஃபெடரருக்கு மூன்றே வழிகள். இரண்டு மூன்று மீட்டர் பின்னால் போய், பந்து இறங்கும்வரை காத்திருந்து அடிக்கலாம். கோர்ட் திறந்துவிடும், அடுத்த அடிக்கு நடால் உள்ளே வந்துவிடுவார். ஸ்லைஸ் செய்யலாம், அதாவது கீழ்ச்சுழற்சியோடு பந்தைச் சீவி விடலாம். குறுக்கே ஸ்லைஸ் செய்தால் பந்து போய்ச் சேருவது நடாலின் ஃபோர்ஹேண்டுக்குத்தான், எந்த அடியைத் தவிர்க்க வேண்டுமோ அதையே திரும்ப அழைப்பது மாதிரி. மூன்றாவது, பேஸ்லைனை (கோர்ட்டின் பின்கோட்டை) விட்டு நகராமல் பந்து எழும்பும்போதே தட்டையாக அடிப்பது. இதில் நேரம் மிச்சம், ஆனால் சின்னப் பிசகு நடந்தாலும் பந்து வெளியே. 2008 பிரெஞ்சு ஓபன் இறுதி (நடால் 6-1, 6-3, 6-0) முதல் இரண்டு வழிகளும் களிமண்ணில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சாட்சி. 2017 ஆஸ்திரேலிய ஓபன் இறுதி மூன்றாவது வழிக்குச் சாட்சி. ஐந்தாவது செட்டில் 1-3 என்று பின்தங்கியிருந்த 35 வயது ஃபெடரர் தொடர்ந்து ஐந்து கேம்களை எடுத்து 6-4, 3-6, 6-1, 3-6, 6-3 என்று முடித்தார்.

நடுவில் மாறியது என்ன என்று கேட்டால், ரேக்கெட். பல ஆண்டுகள் 90 சதுர அங்குலத் தலை கொண்ட மட்டையில் ஆடியவர் 2014-இல் 97-க்கு மாறினார். நடால் ஆடியது 100. ஏழு சதுர அங்குலம் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும். எழும்பும் பந்தைத் தோள் உயரத்தில் வெட்டும்போது, முன்பு சட்டத்தில் பட்ட பந்து இப்போது நரம்பில் படும் என்பதுதான் அதன் பொருள். 2016-இன் பிற்பாதியில் ஆறு மாதம் ஓய்வில் இருந்ததும் உடம்புக்கு உதவியது. இவற்றில் எது எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது ஊகம்தான். ரேக்கெட் முக்கியக் காரணம் என்பது என் எண்ணம், ஆனால் அதே ரேக்கெட்டோடு 2019 பிரெஞ்சு ஓபன் அரையிறுதியில் 6-3, 6-4, 6-2 என்று தோற்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தளத்தை ரேக்கெட் வெல்லாது.

நியாயத்துக்கு ஒன்று: இந்த வடிவியல் இரண்டு பக்கமும் செல்லும். ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் குறுக்கே போனால் அதுவும் நடாலின் பேக்ஹேண்டுக்குத்தான் போகிறது. வித்தியாசம், நடாலுடையது இரட்டைக் கை பேக்ஹேண்ட், அதிலும் அவர் எழுதுவதற்கு வலது கையைப் பயன்படுத்துபவர். உயரமான பந்து அந்த அடியைப் பெரிதாகத் தொந்தரவு செய்யாது. தாழ்ந்து வழுக்கி வரும் பந்துதான் செய்யும். அதனால்தான் புல்லும் கூரையும் ஃபெடரருக்குச் சாதகம். புல் வழுக்கும், பந்து தாழும். கூரைக்குக் கீழே காற்றும் வெயிலும் இல்லாததால் சர்வுக்குப் பந்தைத் தூக்கிப் போடுவது ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழும். களிமண்ணில் உராய்வு அதிகம், பந்து வேகத்தை இழந்து உயரத்தை எடுத்துக்கொள்ளும். வெப்பமும் இதில் கைவைக்கும். மதிய வெயிலில் துள்ளும் அதே பந்து இரவுக் குளிரில் துள்ளாது. ஆக, மேட்ச் மணி மூன்றுக்கா எட்டுக்கா என்பதுகூடச் சும்மா கேட்கும் கேள்வி இல்லை.

அடுத்து, “ஃபெடரருக்கு நடால் என்றால் பயம்” என்ற பேச்சு. பிரேக் பாயின்ட் (எதிராளி சர்வ் செய்யும் கேமைப் பறிக்கக் கிடைக்கும் வாய்ப்பு) கணக்கைக் காட்டுவார்கள்: 2007 பிரெஞ்சு ஓபன் இறுதியில் 17-க்கு 1, 2008 விம்பிள்டனில் 13-க்கு 1, 2009 ஆஸ்திரேலிய ஓபனில் 19-க்கு 6. எண்கள் உண்மை. ஆனால் பயத்துக்குப் போகும் முன் ஸ்கோரைப் பாருங்கள். பிரேக் பாயின்ட் வரும் 30-40, அட்வாண்டேஜ், 0-40 மூன்றிலும் சர்வ் இடப்பக்கப் பெட்டிக்குத்தான் போகும். 15-40 மட்டுமே வலப்பக்கம். இடப்பக்கப் பெட்டிக்கு இடது கைக்காரர் போடும் ஸ்லைஸ் சர்வ், வலது கைக்காரரின் பேக்ஹேண்டை விட்டு விலகி விலகி வெளியே போகும். ஃபெடரர் நீட்டித் தொட்டு ஒரு குட்டையான பந்தைத் திருப்புவார், கோர்ட்டின் பாதி காலி, நடால் ஃபோர்ஹேண்டில் காத்திருப்பார். பெரும்பாலான பிரேக் பாயின்டுகளில் நடாலின் சிறந்த சர்வும் ஃபெடரரின் பலவீனமான பக்கமும் நேருக்கு நேர் வருகின்றன. இது உறுதி. அதற்கு மேல் மனத்தடையும் இருந்ததா? இருந்திருக்கலாம், வெளியிலிருந்து அளக்க வழியில்லை. அதே 2008 விம்பிள்டனின் நான்காவது செட் டைபிரேக்கில் (செட் 6-6 ஆனால் ஆடும் தீர்வு கேம்), நடால் ஒரு பாயின்ட் எடுத்தால் கோப்பை என்ற நிலையில், பேக்ஹேண்டில் நேர்கோட்டில் ஒரு பாஸிங் ஷாட் (வலைக்கு வந்தவரைத் தாண்டிப் போகும் அடி) அடித்தவரும் இதே ஃபெடரர்தான். பயந்தவர் அடிக்கும் அடி இல்லை அது.

‘உச்சம்’ என்பதையும் வரையறுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஆளுக்கொரு வருடத்தை எடுத்துக்கொண்டு பேசுவார்கள். ஃபெடரருக்கு வழக்கமாகச் சொல்லும் வருடம் 2006: 92 வெற்றி, 5 தோல்வி. அந்த ஐந்தில் நான்கு நடாலிடம்: துபாய், மான்டி கார்லோ, ரோம், பாரிஸ். துபாய் ஹார்டு கோர்ட் என்பதைக் கவனியுங்கள், நடாலுக்கு அப்போது 19 வயது. உங்கள் நண்பருக்கு உண்மையில் இதுதான் பலமான ஆயுதம், 24-16 இல்லை. உங்கள் பக்கம் பேச, அதே வருடம் விம்பிள்டனிலும் ஷாங்காயிலும் ஃபெடரர் ஜெயித்தார், ரோமில் இரண்டு மேட்ச் பாயின்ட் கையில் வைத்திருந்து ஐந்து மணி நேரத்துக்குப் பிறகு தோற்றார். நடாலுக்கு 2008, 2010, 2013 மூன்றில் எதை எடுத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 2006-இன் கால்களையும் 2017-இன் பேக்ஹேண்டையும் சேர்த்து ஒரு ஃபெடரரைச் செய்து இறக்குவதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. பல ரசிகர்கள் தெரியாமலே செய்யும் திருட்டு அது.

இன்னொரு பொறி, மூன்றாவது ஆளை வைத்து அளப்பது. ‘இவர் அவரை ஜெயித்தார், அவர் உங்கள் ஆளை ஜெயித்தார், அதனால்...’ என்று ஆரம்பித்தால் டேவிடென்கோவை ஞாபகப்படுத்துங்கள். நிகோலாய் டேவிடென்கோ நடாலுக்கு எதிராக 6-5 முன்னிலை. ஃபெடரருக்கு எதிராக 2-19. சங்கிலி போட்டால் ஃபெடரர் நடாலை ஊதித் தள்ள வேண்டும், ஆனால் நிஜத்தில் 16-24. டேவிடென்கோ இரட்டைக் கை பேக்ஹேண்டில் எழும்பும் பந்தைத் தட்டையாக அடிப்பவர், நடாலின் சுழற்சி அவருக்குக் கடிக்கவில்லை. கல், காகிதம், கத்தரி விளையாட்டு மாதிரிதான்.

செட் எண்ணிக்கைக்கு வருவோம். ஒரு செட்டை ஜெயிக்க ஒருவருக்கு 60 சதவீத வாய்ப்பு என்றால் மூன்று செட் ஆட்டத்தில் அவர் ஜெயிக்க வாய்ப்பு சுமார் 65, ஐந்து செட் ஆட்டத்தில் சுமார் 68. கொஞ்சம் மேலானவருக்கு நீண்ட ஆட்டம் கூடுதல் பாதுகாப்பு, அவ்வளவே. சமநிலைக்கு மிக அருகில் இருந்தால் இந்தப் பாதுகாப்பும் மெலிந்துவிடும். 4 மணி 48 நிமிடம் நடந்த 2008 விம்பிள்டன் இறுதியில் நடால் எடுத்த பாயின்ட் 209, ஃபெடரர் 204. 413-இல் ஐந்து பாயின்ட் வித்தியாசம். அந்த மேட்சை மறுநாள் திரும்ப ஆடியிருந்தால் யார் என்று எவரும் துணிந்து சொல்ல முடியாது.

முந்தைய நாள் யாரோடு எவ்வளவு நேரம் ஆடினார் என்பதும் கணக்கில் வரும், ஆனால் எப்படி வரும் என்பதில் எனக்கே முழு உறுதி இல்லை. 2008 ஜனவரியில் சென்னை ஓபன், நுங்கம்பாக்கம். அரையிறுதியில் நடால் கார்லோஸ் மோயாவை மூன்று செட்டும் டைபிரேக்காகப் போய், 3 மணி 54 நிமிடம் ஆடி வென்றார். அடுத்த நாள் இறுதியில் யூஸ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றார். கால் நகரவில்லை. களைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டாம் என்று தோன்றும். ஒரு வருடம் கழித்து மெல்போர்னில் வெர்டாஸ்கோவோடு 5 மணி 14 நிமிட அரையிறுதி, அதற்குப் பிறகு இறுதியில் ஃபெடரரை ஐந்து செட்டில் வீழ்த்தினார். நடுவே ஒரு நாள் ஓய்வு கிடைத்தது என்பதுதான் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். உங்கள் கற்பனை மேட்சில் இருவரும் ஓய்வெடுத்துவிட்டு வருகிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம்.

தளப் பிரச்சினையைத் தீர்க்க ஒருமுறை நிஜமாகவே முயன்றார்கள் என்பது பலருக்கு மறந்திருக்கும். 2007 மே மாதம் நடாலின் ஊரான மயோர்காவில், பாதி புல், பாதி களிமண் என்று ஒரு கோர்ட் போட்டுக் காட்சி ஆட்டம் வைத்தார்கள். அப்போது ஃபெடரர் புல்லில் தொடர்ந்து 48 வெற்றி, நடால் களிமண்ணில் 72. பக்கம் மாறும்போதெல்லாம் ஷூவும் மாற்ற வேண்டும். நடால் 7-5, 4-6, 7-6, கடைசி டைபிரேக் 12-10. வேடிக்கைக்கு நல்லது, சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு எண் கேட்பீர்கள். இனி வருவது என் கணிப்பு, அளவீடு இல்லை. ஐந்து செட், பகல், களிமண்: நடால் 100-க்கு 85-க்குக் குறையாது. பாரிஸின் சென்டர் கோர்ட் என்றால் இன்னும் மேலே, அங்கே ஆறுக்கு ஆறு அவர்தான் ஜெயித்திருக்கிறார். விம்பிள்டன் புல்: ஃபெடரர் 58 அல்லது 60, அதற்கு மேல் போக எனக்குத் தைரியம் இல்லை. கூரைக்குக் கீழே ஹார்டு கோர்ட், மூன்று செட்: ஃபெடரர் 70. திறந்தவெளியில் நடுத்தர வேக ஹார்டு கோர்ட், ஐந்து செட்: 2006 ஃபெடரர் எதிரே 2010 நடால் என்றால் நடால் 55. அதே கோர்ட்டில் பெரிய ரேக்கெட்டோடு வரும் ஃபெடரர் என்றால் அவர் பக்கம் 55. இதில் ஐந்து புள்ளி இப்படியோ அப்படியோ நகர்த்தினால் சண்டைக்கு வர மாட்டேன். களிமண் எண்ணைப் பாதியாக்கினால் வருவேன்.

நண்பரோடு உட்கார்ந்து இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. 2008 பாரிஸ் இறுதியையும் 2017 மெல்போர்ன் இறுதியையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் முதல் நான்கு கேம்களை மட்டும், வர்ணனைச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஸ்கோரை மறந்துவிடுங்கள். ஃபெடரர் பேக்ஹேண்ட் அடிக்கும் ஒவ்வொரு முறையும் இரண்டே விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: பந்து தோளுக்கு மேலேயா கீழேயா, அவருடைய கால் பேஸ்லைனுக்கு எவ்வளவு பின்னால். மெல்போர்னைப் பார்க்கும்போது, ஐந்தாவது செட்டில் ஃபெடரர் 4-3 என்று இருக்கையில் டியூஸில் (40-40) வந்த, பந்து 26 முறை அடிக்கப்பட்ட நீளமான பாயின்டையும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்.